வைரம் பார்த்து வாங்குங்கள்: சந்தனக்கட்டைக்குப் புதியவர்களுக்கு

ஆடி மாதம் பெரியபாளையத்தில் என் தங்கை மகனுக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கியதும், வழியில் வாங்கி வந்த ஒரு பாக்கெட் சந்தனத்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தலை முழுக்கப் பூசினோம். பார்க்க எலுமிச்சம்பழம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. பஸ் தண்டையார்பேட்டை வந்து சேர்வதற்குள் பிள்ளை சிணுங்க ஆரம்பித்துவிட்டான். கத்தி கீறிய இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. மறுநாள் பார்த்தால் தலையணை உறை மஞ்சள். மூன்று முறை தலைக்கு ஊற்றியும் காதோரத்து மஞ்சள் போகவில்லை. “இழைத்த சந்தனம் காய்ந்தால் உதிரும், இப்படிக் கறை பிடிக்குமா?” என்று என் மாமியார் கேட்டார். அந்தப் பாக்கெட்டில் சந்தனத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு தூள் வாங்குவதை விட்டுவிட்டு, கட்டை வாங்கி இழைக்கப் பழகினேன். பழகும்போது இரண்டு முறை ஏமாந்தேன். வளைகாப்புக்கோ மொட்டைக்கோ முதன்முறையாகக் கட்டை வாங்கப் போகிறவர்களுக்கும், வீட்டு மனையில் ஒரு கன்று வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் மரம்

சந்தன மரத்தடியில் போய் நின்றால் கமகமவென்று மணக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்கிற மரத்தில் மணம் இல்லை. இலையைக் கசக்கினாலும் சரி, சின்னஞ்சிறு செம்பழுப்புப் பூவை முகர்ந்தாலும் சரி, சந்தன வாசனை வராது. பட்டைக்கு அடுத்திருக்கும் வெள்ளை மரத்துக்கு வெளிறு என்று பெயர். அதிலும் மணம் கிடையாது. அதற்கும் உள்ளே, நடுவில் பழுப்பேறி இறுகிக் கிடப்பது வைரம். எண்ணெய் அதில்தான் இருக்கிறது. வைரம் பாய ஆரம்பிக்கவே ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகும். நன்றாக முற்ற 25, 30 ஆண்டுகள். வேரில் எண்ணெய் இன்னும் கூடுதல். அதனால் இந்த மரத்தை மற்ற மரங்களைப் போல அடியில் அறுப்பதில்லை, வேரோடு தோண்டி எடுக்கிறார்கள்.

கையில் இருப்பது வைரமா, வெளிறா? கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். கீழே சொல்லியிருக்கும் சோதனைகள் எல்லாம் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்பவை.

தாவரவியலில் இதன் பெயர் சாண்டலம் ஆல்பம். சங்கப் பாடல்களில் ஆரம், சாந்தம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையும் சத்தியமங்கலமும் இதற்குப் பேர்போன காடுகள். ஜவ்வாது மலைக் கட்டை வந்து சேரும் அரசுக் கிடங்கு திருப்பத்தூரில் இருக்கிறது. கர்நாடகத்தில் மைசூர்ப் பக்கம், கேரளத்தில் மூணாறுக்கு அந்தப் பக்கம் மறையூர். மறையூர் ஏலத்தில் கட்டைகளுக்கு வைத்திருக்கும் தரப் பெயர்களைக் கேட்டால் நம் ஊர்த் துறைமுகத்தில் நிற்பது போல இருக்கும்: விலாயத் புத்தா, சைனா புத்தா, பஞ்சம். முதல் தரமான விலாயத் புத்தாவில் ஒரு துண்டு குறைந்தது 9 கிலோ இருக்க வேண்டும். ஒரு டன்னில் 112 துண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. சைனா புத்தாவுக்கு 4.5 கிலோ, 224 துண்டுகள். இதெல்லாம் நம் கைக்கு வருகிற சரக்கு இல்லை. நமக்குக் கிடைப்பது விரல் நீளத் துண்டும் சிராயும்தான்.

பெயரில் மட்டும் சந்தனம்

செஞ்சந்தனம் என்று சிவப்பாக ஒரு கட்டையைக் காட்டுவார்கள். அது செம்மரம். வேறு குடும்பம், வேறு மரம். வேங்கை மரத்துக்கு உறவு. சந்தன மணம் துளியும் கிடையாது. நாட்டு மருந்திலும் முகப்பூச்சிலும் சேர்ப்பதற்காகத் தேடி வாங்குபவர்கள் உண்டு. அதுதான் வேண்டும் என்றால் வாங்குங்கள், சந்தனம் என்று நினைத்து வாங்காதீர்கள். இது திருப்பதி, கடப்பை வட்டாரத்துச் சேஷாசலம் காடுகளில் வளர்வது. அங்கிருந்து திருட்டுத்தனமாக வெட்டி, சென்னைத் துறைமுகம் வழியாகக் கடத்தப் பார்த்துப் பிடிபடும் செய்தியை வடசென்னைக்காரர்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமத்துக் கூலிகள். செம்மரமோ சந்தனமோ, ரசீது இல்லாமல் மலிவாக ஒருவர் நீட்டும் கட்டையை நான் வாங்குவதில்லை.

எங்கே போவது

பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு. கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கிற அதே தெரு. வரிசையாக நாட்டு மருந்துக் கடைகள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் போகாதீர்கள். வார நாளில் காலையில் போனால் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும், உங்களுக்கும் முகர்ந்து பார்க்கப் பொறுமை இருக்கும்.

“சந்தனக்கட்டை கொடுங்கள்” என்று மட்டும் கேட்டால் எதுவும் வரலாம். “இழைக்கிற கட்டை, வைரம் மட்டும்” என்று கேளுங்கள். ஹோமத்தில் போடுவதற்கான சிராய் வேறு. அதில் வெளிறு கலந்திருக்கும், விலையும் குறைவு. இரண்டையும் ஒரே விலைக்குச் சொல்லும் கடையில் நிற்க வேண்டாம்.

முதன்முறை வாங்க 25 அல்லது 30 கிராம் போதும். அரைச் சாண் நீளம், கட்டைவிரல் பருமனில் உள்ள துண்டு கிட்டத்தட்ட அவ்வளவு எடை வரும். அதே அளவுத் துண்டு தராசில் 15 கிராம் காட்டினால் அது வேறு ஏதோ மரம். விலையிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அரசு ஏலத்திலேயே நல்ல வைரக்கட்டை கிலோ 10,000 ரூபாய்க்கு மேல் போகிறது. அப்படியிருக்க, கிலோ 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்பவர் தருமம் செய்ய உட்கார்ந்திருக்கவில்லை.

கடையில் என்ன செய்து பார்ப்பது

தூக்கிப் பார்த்தாயிற்று. அடுத்து, அறுத்த முனையைப் பாருங்கள். வைரம் மஞ்சள் கலந்த பழுப்பாகவோ இன்னும் கருத்தோ இருக்கும். இழை மிக நெருக்கம். வெறுங்கண்ணுக்குத் துளை தெரியாது, தொட்டால் வழவழவென்று இருக்கும். ஓரத்தில் வெள்ளை வளையம் இருந்தால் அது வெளிறு. வளையம் அகலமாக இருந்தால், மணமில்லாத மரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

பிறகு முகருங்கள். கடையில் பல நாள் கிடந்த கட்டையின் மேற்பரப்பு லேசாகத்தான் மணக்கும். கையில் எடுத்ததுமே மூக்கைத் துளைத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முதல்முறை நான் ஏமாந்தது அப்படித்தான். பையைத் திறந்தால் வீடே மணந்தது. கத்தியால் மேலே ஒரு சீவல் எடுத்தேன், உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு மரம், வாசனை இல்லை. செண்டில் ஊறவைத்த கட்டை. இப்போதெல்லாம் ஒரு ஓரத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்கிறேன். நல்ல கட்டையைச் சுரண்டினால் உள்ளேதான் மணம் கூடுதலாக இருக்கும்.

கடைசிச் சோதனை கல். கைப்பையில் உள்ளங்கை அளவில் ஒரு கருங்கல் துண்டு வைத்திருப்பேன். “என்ன அக்கா, சாணை பிடிக்கவா வந்தீர்கள்?” என்று ஒரு கடைக்காரத் தம்பி கேட்டான். கேட்கட்டும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நான்கு சுற்று இழைத்து, வருவதை மணிக்கட்டில் தடவிக்கொண்டு கந்தகோட்டத்துக்குள் போய்விடுவேன். சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, குளத்தங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து வரும்போதும் மணிக்கட்டு மணந்தால் அந்தக் கட்டையை வாங்குவேன். சந்தன எண்ணெயில் இருக்கும் சாண்டலால் என்ற பொருள் மெதுவாக ஆவியாகிறது. செண்டு சீக்கிரம் பறந்துவிடுகிறது. அரை மணி நேரம் போதும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இழைத்த சந்தனம் பளீர் மஞ்சளாக இருக்காது. வெளுத்த பழுப்பு, கிட்டத்தட்டப் பால் கூடுதலாகிவிட்ட டீயின் நிறம். கல்யாண மண்டப வாசலில் வெள்ளிப் பேலாவில் வைத்திருக்கும் மஞ்சள் குழம்பைப் பார்த்தே வளர்ந்ததால், உண்மைச் சந்தனத்தைக் காட்டினால் சாயம் போய்விட்டது என்கிறார்கள். கடைகளில் விற்கும் சந்தன வில்லைகளின் மஞ்சளும் பெரும்பாலும் சாயம்தான்.

ஆஸ்திரேலியக் கட்டை என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இயல்பாக வளரும் சந்தனம் நம்முடையதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன் எண்ணெயில் சாண்டலால் குறைவு. அங்கேயே கனனாரா பகுதியில் நம் இனத்தையே தோட்டமாகப் போட்டு வளர்க்கிறார்கள். சொல்லி விற்றால் இரண்டிலும் தப்பில்லை. இரண்டில் எது என்று கேட்டு வாங்குங்கள். ரசீதையும் கேட்டு வாங்கி, கட்டையோடு சேர்த்து வையுங்கள்.

இழைப்பது

கட்டையை விடக் கல் முக்கியம் என்பேன். வழவழப்பான கல்லில் சந்தனம் இறங்காது. ரொம்பச் சொரசொரப்பான கல்லில் மரம் துருவலாக உதிரும், குழம்பாகாது. வட்டமாக, சின்னக் கால்கள் வைத்த சந்தனக்கல் பூஜைச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. புதுக்கல்லைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, முதலில் இழைத்து வருவதைக் கீழே கொட்டிவிடுங்கள். அதில் கல்துகள் இருக்கும்.

நான்கைந்து சொட்டுத் தண்ணீர். விரலைத் தண்ணீரில் தோய்த்து உதறினால் விழுகிற அளவு. கட்டையின் முனையைக் கல்லில் தட்டையாகப் பதித்து, அழுத்தாமல், ஒரே திசையில் வட்டமாகச் சுற்றுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராது, கலங்கிய தண்ணீர்தான். அங்கேதான் புதியவர்கள் பொறுமை இழந்து இன்னும் தண்ணீர் விடுவார்கள். விடாதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற விளிம்பில் குழம்பு திரளும், கட்டை கல்லோடு ஒட்டி இழுப்பது கையில் தெரியும். அப்போது ஒரு சொட்டு. மறுபடி இழைக்க வேண்டியதுதான். பத்து நிமிடத்தில் ஒரு டீஸ்பூன் கிடைத்தால் நல்ல கை. விரல் நுனியால் வழித்து, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

முடிந்ததும் கட்டையைத் துடைத்து நிழலில் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும். சந்தனம் தேய்ந்தாலும் மணம் குறையாது என்ற பழமொழி கட்டையைப் பொறுத்தவரை நிஜம். நகம் அளவுக்குத் தேய்ந்த துண்டுகூட அப்படியே மணக்கிறது. அதையும் எறிய வேண்டாம், புடவை அடுக்கில் போடலாம்.

வளைகாப்பில் கையிலும் கன்னத்திலும் பூச ஒரு டீஸ்பூன் போதும். மொட்டைக்கு மூன்று டீஸ்பூன் தேவைப்படும். முந்தைய நாள் இழைத்து வைக்காமல், கல்லையும் கட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். 500 பேர் வரும் கல்யாணத்துக்கு இழைத்துக் கட்டுப்படியாகாது. மணமக்களுக்கு மட்டும் இழைத்துவிட்டு, வாசலுக்குப் பன்னீரும் கல்கண்டும் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மிஞ்சின சந்தனத்தை எங்கே பூசிக்கொள்வார்கள் என்று ஒரு பழமொழி இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது. அந்த அளவுக்கு மிஞ்ச விடாதீர்கள்.

கோயிலுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் காப்பும் சந்தனக் காப்பு இல்லை. உத்தரகோசமங்கை மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பவர். நம் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கதை வேறு. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் கவசம் திறந்து அவருக்குச் சாத்துவது புனுகும் சாம்பிராணித் தைலமும். நாகூர் ஆண்டவர் சமாதிக்குச் சந்தனக்கூடு ஊர்வலத்தில் போகும் சந்தனத்துக்கான கட்டையைத் தமிழக அரசே தர்காவுக்கு இலவசமாகக் கொடுக்கிறது.

எண்ணெய், அத்தர், சோப்பு

வைரத்தைத் தூளாக்கி நீராவியில் வடித்தால் எண்ணெய் வருகிறது. ஒரு கொதிப்பில் வந்துவிடாது. இரண்டு மூன்று நாள்கூட வடிக்க வேண்டியிருக்கும். நல்ல வைரத்தில்கூட 100 கிலோவுக்கு 6 கிலோ கிடைத்தால் பெரிது. வடித்து முடித்த சக்கைத் தூள் ஊதுவத்திக்குப் போகிறது. மலிவுத் தூள் பாக்கெட்டில் மணமே இல்லாமல் இருப்பதற்கு அந்தச் சக்கையும் ஒரு காரணம்.

முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்றுமதி நின்றுபோனபோதுதான் மைசூர் அரசு 1916இல் சொந்தமாக எண்ணெய் ஆலை தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணெயைப் போட்டுச் சோப்பும் வந்தது. முட்டை வடிவத்தில் நாம் இன்றும் வாங்கும் மைசூர் சாண்டல் சோப்பு அதுதான். மற்ற சோப்புகளில் சந்தனப் படம் இருக்கும். எண்ணெய் இருக்கிறதா என்று உறையின் பின்பக்கப் பொடி எழுத்தில் தேடுங்கள்.

அத்தருக்கு மண்ணடி. பழைய முறையில் ரோஜாவையோ தாழம்பூவையோ வடித்து வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைப்பார்கள். அதனால்தான் நல்ல அத்தர் சட்டையில் மறுநாளும் இருக்கிறது. சந்தன எண்ணெய் விலை ஏறியதும் அந்த இடத்தைப் பல இடங்களில் பாரஃபின் எண்ணெய் பிடித்துக்கொண்டது. “பாய், இது எந்த எண்ணெயில் இறக்கியது?” என்று கேட்டால் போதும், கடைக்காரர் உங்களை வேறு மாதிரி கவனிப்பார். சுத்த எண்ணெயைத் தோலில் நேராகத் தடவாமல், தேங்காய் எண்ணெயில் கலந்து முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உள்ளுக்குச் சாப்பிடுவது சித்த மருத்துவர் சொன்னால் மட்டும்.

ஒரு கன்று வைக்க வேண்டுமென்றால்

காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலோர மனை வைத்திருப்பவர்கள் ஆசையை விட்டுவிடுங்கள். உப்பு மண்ணும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் தண்ணீரும் இதற்கு ஆகாது. செங்குன்றம் பக்கத்துச் செம்மண் மாதிரி தண்ணீர் வடியும் மேட்டு நிலம் பரவாயில்லை. பூந்தொட்டியில், மாடியில் வளர்த்து வைரம் பார்க்க முடியாது.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: சந்தனம் தனியாக வாழாத மரம். இலையில் தானே சமைத்துக்கொண்டாலும், தண்ணீரையும் சத்தையும் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சிக்கொள்ளும். இப்படி 300க்கும் மேற்பட்ட செடி, மர வகைகளிடம் வாங்கித் தின்கிறது. நாற்றங்காலிலிருந்து கன்று வாங்கும்போதே பையில் பொன்னாங்கண்ணியோ துவரையோ கூட இருக்கிறதா என்று பாருங்கள். களை என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்தவர்களில் நானும் ஒருத்தி. கன்று இரண்டு மாதத்தில் மஞ்சளாகி நின்றது.

ஒன்றரை அடிக் குழி, மட்கிய எரு. கன்றைச் சுற்றித் துவரை. நான்கைந்து அடி தள்ளி நிரந்தரத் துணையாகச் சவுக்கு, புங்கன், அகத்தி இவற்றில் ஒன்று. துவரை வளர்ந்து கன்றின் மேல் கவிந்தால் கிளையைக் கழியுங்கள், வேரை விட்டுவிடுங்கள். விதையிலிருந்து ஆரம்பிப்பதென்றால், கருநாவல் நிறத்தில் பழுத்த பழத்தின் சதையைக் கழுவி எடுத்து நிழலில் காயவைத்து மணலில் போட வேண்டும். விதை இரண்டு மாதம் தூங்கித்தான் முளைக்கும். இலைகள் சிறுத்துக் கிளை நுனியில் முள்கொத்துப் போலக் கூடினால் அது ஸ்பைக் நோய். 1899இல் குடகில் முதலில் கண்டது. இன்றுவரை மருந்து இல்லை, மரத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அந்த வழக்கத்தின் நீட்சியாக, நம் வீட்டு மனையில் தானாக முளைத்த சந்தனம்கூட நெடுங்காலம் அரசுக்கே சொந்தமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மரம் நில உரிமையாளருடையது. பட்டா நிலச் சந்தனத்துக்கான விதிகள் 2008இல் வந்தன. வளர்க்கத் தடை இல்லை. வெட்டவும் விற்கவும் மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். சொந்த மரம்தானே என்று கோடாலியை எடுத்தால் வழக்கு வரும். கன்று வைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து இது எப்போது வந்த மரம் என்று யாரும் கேட்க முடியாது.

பத்து வயதைத் தாண்டிய மரத்துக்குக் காவல் வேண்டும். திருடர்கள் முதலில் வந்து தண்டில் சின்னத் துளை போட்டு வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். மார்பு உயரத்தில் புதுத் துளையும் அடியில் கொஞ்சம் மரத்தூளும் கண்டால் அன்றைக்கே வன அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். என் தம்பியின் செங்குன்றம் மனையில் இருக்கும் கன்றுக்கு இன்னும் அந்தக் கவலை இல்லை. அதற்கு நான்கு வயது, என் தோள் உயரம். போன வாரம் போயிருந்தபோது பக்கத்துத் துவரை காய்த்திருந்தது. ஒரு படி பறித்து வந்து சாம்பார் வைத்தோம்.